என் நோட்டுல 268

மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு விதைநேர்த்தி செய்யறதைப் பத்தி இந்த வாரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல வரும். இந்த வாரம் மனசு வேற எங்கயோ போயிடுச்சு.

மேற்குக் கொல்லியை அளக்க சர்வேயர் வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. படுத்துக்கிட்டே கபில்தேவை நெனச்சுக்கிட்டு இருந்தேன். சர்வேயருக்கும் கபிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சொல்றேன். ஆனா மொதல்ல கபில். இப்ப இருக்கற பசங்களுக்கு அவர் டி.வி.யில வந்து பேசற ஒரு பெரியவர், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை.

நாங்க கிரிக்கெட் ஆடினது ஏரியில. எங்க ஊரு திண்டிவனம் பக்கம். சித்திரை வைகாசியில ஏரி வத்திப்போனா உள்வாய் முழுக்கப் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். அதுல வெடிப்பு கொஞ்சம் கம்மியா இருக்கற எடமாப் பாத்து மூணு கருவேலக் குச்சி நட்டா அதுதான் பிட்ச். பேட்டு தென்னை மட்டை. பந்து வெடிப்புல விழுந்தா எந்தப் பக்கம் போகும்னு போட்டவனுக்கே தெரியாது. நாங்க எல்லாரும் ஃபாஸ்ட் பவுலர்தான். ஸ்பின் போடறவனை எவனும் மதிக்க மாட்டான். அதுக்குக் காரணம் ஒரே ஆளு.

எங்களுக்கு முன்னாடி தலைமுறை இப்படி இல்லைன்னு கணக்கு வாத்தியார் சொல்லுவார். அவங்க காலத்துல இந்தியான்னா பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன். புதுப் பந்தை ரெண்டு பேரு சும்மா நாலு ஓவர் தேச்சுக் குடுப்பாங்க, பளபளப்பு போனதும் ஸ்பின்னருங்க கையில போயிடும். கவாஸ்கரே சில டெஸ்ட்ல புதுப் பந்து போட்டிருக்கார்னா பாத்துக்குங்க. அப்படிப்பட்ட நாட்டுல சண்டிகர்ல ஒரு மர வியாபாரி மகன் வேகமாப் பந்து போடணும்னு கெளம்பினான்.

கபிலே பல பேட்டியில சொன்ன கதை ஒண்ணு உண்டு. சின்ன வயசுல பம்பாயில ஒரு பயிற்சி முகாம். வெயில்ல நாள் பூரா ஓடவிட்டு மதியத்துக்கு ரெண்டு ரொட்டியும் கொஞ்சம் காயும் போட்டிருக்காங்க. இவர் போய் ‘எனக்கு இது பத்தாது, நான் ஃபாஸ்ட் பவுலர்’னு சொல்லியிருக்கார். முகாமை நடத்தின கேகி தாராபூர், இந்தியாவுல ஃபாஸ்ட் பவுலர்னு ஒருத்தரும் கெடையாதேன்னு சிரிச்சிருக்கார். அந்தச் சிரிப்புதான் தன்னைத் துரத்திச்சுன்னு கபில் சொல்லுவார். எனக்கு அந்தக் கதையில சிரிப்பைவிட சோறுதான் முக்கியமாப் படும். கடப்பாரை புடிக்கற ஆளுக்குக் கணக்குப் பாத்து சோறு போட்டா மதியத்துக்கு மேல குழி எறங்காது. இது எங்க ஆயாவுக்குத் தெரியும். பயிற்சி முகாம்காரங்களுக்குத் தெரியலை.

1978 அக்டோபர்ல பாகிஸ்தான்ல ஃபைசலாபாத்ல முதல் டெஸ்ட். வயசு 19. முதல் விக்கெட் சாதிக் முகமது. 21 வயசு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் சேத்துட்டார். இடது தோளை பேட்ஸ்மேன் பக்கம் காட்டி ஸ்டம்ப்பை ஒட்டினாப்புல ஒரு தாவு தாவி, கையை உசர தூக்கிப் போடுவார். பந்து நேரா வர்ற மாதிரி வந்து கடைசியில வெளியே கொஞ்சம் நகரும். அவுட் ஸ்விங்கர். அந்தக் கொஞ்சத்துலதான் பேட் விளிம்புல பட்டு ஸ்லிப் கைக்குப் போகும். நாங்களும் ரப்பர் பந்தை டவுசர்ல தேச்சுத் தேச்சுப் பாத்தோம். டவுசர்தான் கிழிஞ்சது.

1981 மெல்போர்ன் டெஸ்டை எங்க வாத்தியார் கதை மாதிரி சொல்லுவார். ஆஸ்திரேலியாவுக்கு ஜெயிக்க 143 ரன் போதும். கபிலுக்குத் தொடையில அடி, முந்தின நாள் சாயங்காலம் பந்தே போடலை. மறுநாள் வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்து 28 ரன் குடுத்து அஞ்சு விக்கெட். ஆஸ்திரேலியா 83-க்கு ஆல் அவுட். கபில் மொத்தம் 16 வருஷம் ஆடினார், 131 டெஸ்ட். காயம்னு சொல்லி ஒரு டெஸ்ட்கூட விட்டதில்லை. அந்தக் காலத்து இந்தியப் பிட்ச்சுங்க சிமெண்ட் களம் மாதிரி, வேகமாப் போடறவனுக்கு ஒண்ணும் குடுக்காது. அதுல அந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு அத்தனை ஓவர் போட்டிருக்கார். எனக்கு 50 வயசுக்கு மேல முட்டி பேச ஆரம்பிச்சதும்தான் அது எவ்வளவு பெரிய காரியம்னு புரிஞ்சுது.

விட்டது ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் ஒடம்பால இல்லை. 1984 டிசம்பர், டெல்லியில இங்கிலாந்துகூட. தோல்வியைத் தடுக்க நின்னு ஆட வேண்டிய நேரத்துல ஒரு சிக்ஸ் அடிச்சார், அடுத்த பந்தையும் தூக்கினார், அவுட். இந்தியா தோத்துடுச்சு. பொறுப்பில்லாம ஆடினார்னு அடுத்த கல்கத்தா டெஸ்ட்ல எடுக்கலை. உலகக் கோப்பை வாங்கிக் குடுத்து ஒண்ணரை வருஷம்தான் ஆகியிருந்தது. ‘கபில் இல்லைன்னா டெஸ்ட் இல்லை’ன்னு கல்கத்தா ஜனங்க அட்டையில எழுதிப் புடிச்சாங்க. எங்க ஊர்லயும் ரெண்டு நாள் டீக்கடையில சண்டை. நைனா மட்டும் ‘பயிரு காயறப்ப வாய்க்காலுக்குப் போகாம கூத்து பாக்கப் போனா திட்டத்தான் செய்வாங்க’ன்னார். கபில் மேல எனக்கு இருந்த வெறியில நான் ஒரு வேளை சோறு திங்கலை.

83 உலகக் கோப்பை பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, படமே எடுத்துட்டாங்க. எங்களுக்கு அது எப்படி வந்து சேந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். ஜூன் 18, சனிக்கிழமை. டன்பிரிட்ஜ் வெல்ஸ்ல ஜிம்பாப்வே மேட்ச். அன்னிக்கு பி.பி.சி. கேமரா வரலை, அதனால உலகத்துல யாருமே அதைத் திருப்பிப் பாத்ததில்லை. 9 ரன்னுக்கு 4 விக்கெட், 17-க்கு 5. கபில் குளிச்சுக்கிட்டு இருந்தாராம், வெளிய வந்து பாத்தா இந்தக் கோலம். 8 விக்கெட் போனப்ப 140. அப்புறம் கிர்மானியை ஒரு பக்கம் நிக்க வெச்சுக்கிட்டு இன்னும் 126 சேத்தார். கிர்மானி அதுல 24. கபில் 175, அவுட் இல்லை. எங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை டீக்கடைப் பேப்பர்லதான் தெரிஞ்சது. 175-ன்னு பாத்ததும் டீக்கடைக்காரர் ‘இது மொத்த டீமு ரன்னுடா, தப்பாப் படிக்கறே’ன்னார்.

ஃபைனல் அடுத்த சனிக்கிழமை. ரேடியோ இங்கிலீஷ்ல பேசும், வாத்தியார் தமிழ்ல சொல்லுவார், நாங்க சுத்தி உக்காந்திருப்போம். இந்தியா 183. அதுல நம்ம ஸ்ரீகாந்த் 38, அதுதான் ரெண்டு பக்கத்துலயும் சேத்து அதிகம். ரிச்சர்ட்ஸ் வெளுத்துக்கிட்டு இருந்தார். மதன்லால் பந்தைத் தூக்கி அடிச்சார். வாத்தியார் ‘போச்சு’ன்னார். அப்புறம் ரேடியோவுல பெரிய சத்தம், வாத்தியார் எழுந்து நின்னுட்டார். பந்தைத் தோளுக்கு மேல பாத்துக்கிட்டே பின்பக்கமா ஓடி கபில் புடிச்சிட்டார். வெஸ்ட் இண்டீஸ் 140-க்கு சுருண்டுச்சு. அன்னிக்கு ராத்திரி ஏரிக்கரையில நாலு பேரு பின்பக்கமா ஓடிப் பாத்ததுல ஒருத்தன் கால் சுளுக்கிக்கிட்டான்.

கேப்டனா அவர் ரொம்பப் பெரிய ஆளுன்னு நான் சொல்ல மாட்டேன். கணக்கு எடுத்துப் பாத்தா 34 டெஸ்ட்ல ஜெயிச்சது நாலு, தோத்தது ஏழு. கோப்பை வாங்கின கையோட வெஸ்ட் இண்டீஸ் இங்க வந்து டெஸ்ட்ல மூணு, ஒருநாள்ல அஞ்சுன்னு வாங்கின அடிக்குப் பதில் குடுத்துட்டுப் போனாங்க. அந்த சீரிஸ்ல அகமதாபாத்ல 83 ரன் குடுத்து ஒரே ஆளா 9 விக்கெட் எடுத்தார், அந்த மேட்ச்சும் தோல்விதான். கேப்டன் பதவி போச்சு, திரும்ப வந்தது. 1986-ல இங்கிலாந்துல போய் சீரிஸையே ஜெயிச்சார். லார்ட்ஸ்ல இந்தியா ஜெயிச்ச முதல் டெஸ்ட் அதுதான், கடைசி அடி கபிலோட சிக்ஸ். அதே வருஷம் ஷார்ஜாவுல மியாண்டாட் கடைசிப் பந்துல அடிச்ச சிக்ஸையும் கேப்டனா நின்னு பாத்தவர் அவர்தான். வியூகம், கணக்கு எல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம். ‘நான் செய்யறேன், என்கூட வா’ங்கறதுதான் அவரோட கேப்டன்சி. மேஸ்திரி கரைமேல நின்னு கத்தாம சேத்துல எறங்கி நாத்துமுடியைப் புடிச்சா ஆளுங்க தானா எறங்குவாங்க இல்லையா, அந்த மாதிரி.

இப்ப சேப்பாக்கத்துக்கு வர்றேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

1986 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாகூட அங்க நடந்த டெஸ்ட் டை ஆனது எல்லாருக்கும் தெரியும். அந்த வெயில்ல டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சார், ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏத்தினாங்க. கபில் 119 அடிக்கலைன்னா நாம ஃபாலோ ஆன் வாங்கியிருப்போம். கடைசி நாள் 348 வேணும், 347-ல கடைசி ஓவர்ல மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. நான் மாட்டுக் கொட்டாயில ரேடியோவைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்த வருஷம் அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா, உலகக் கோப்பையில முதல் மேட்ச். அப்ப ரைஸ் மில்காரர் வீட்டுல சாலிடேர் டி.வி. வாங்கியிருந்தாங்க. மூங்கில் கழியில ஆன்டெனா கட்டி ஒருத்தன் கூரைமேலயே நின்னு திருப்பிக்கிட்டு இருப்பான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு நான் காலையிலயே போய் எடம் புடிச்சேன். கையில ஒரு நாப்பது பக்க நோட்டு. ஸ்கோர் எழுதறது எனக்கு ஒரு கிறுக்கு. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, ஒண்ணு, ரெண்டுன்னு பென்சில்ல போட்டுக்கிட்டே வருவேன். ஓவர் முடிஞ்சா கூட்டி டி.வி.யோட ஒத்துப் பாப்பேன்.

ஆஸ்திரேலியா முடிக்கறப்ப என் நோட்டுல 268. டி.வி.யிலயும் 268. சோறு திங்க வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா 270-ன்னு போடறான், இந்தியாவுக்கு 271 வேணுங்கறான். எனக்குத் தலை சுத்திடுச்சு. மறுபடி கூட்டினேன். 268-தான் வருது. பக்கத்துல இருந்தவனுங்க ‘கணக்குல இவன் புலிடா’ன்னு சிரிச்சானுங்க. ரெண்டு ரன் எங்க இருந்து வந்துச்சுன்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியலை.

இந்தியா நல்லாத்தான் ஆடிச்சு. ஸ்ரீகாந்த் 70, சித்து 73. 200-ஐத் தாண்டற வரைக்கும் ரெண்டே விக்கெட்தான் போயிருந்துச்சு. அப்புறம் வரப்பு ஒடைஞ்ச மாதிரி. கபில் 6. கடைசி ஓவர்ல ஆறு ரன் வேணும், கடைசி விக்கெட், ஆடறது யாருன்னா அதே மணிந்தர் சிங். ரெண்டு தடவை ரெண்டு ரெண்டு ஓடினார். இன்னும் ரெண்டு பந்து, ரெண்டு ரன். ஸ்டீவ் வா போட்ட அஞ்சாவது பந்து ஸ்டம்ப்ல. 269. ஒரே ஒரு ரன்ல தோத்தோம்.

மறுநாள் பேப்பர்ல விவரம் வந்துச்சு. ஆஸ்திரேலியா ஆடறப்ப ஜோன்ஸ் அடிச்ச ஒரு பந்து கோட்டைத் தாண்டி விழுந்திருக்கு. நாலுன்னு அம்பயர் காட்டிட்டார். இடைவேளையில ஆஸ்திரேலிய மேனேஜர் வந்து அது ஆறுன்னு முறையிட்டிருக்கார். கபில் கிட்ட கேட்டிருக்காங்க. ஆமா ஆறுதான்னு அவர் ஒத்துக்கிட்டார். 268 அப்பதான் 270 ஆயிருக்கு.

எனக்கு அழுகையா வந்துச்சு. என் கணக்கு சரி. நான் எழுதின நோட்டுப்படி பாத்தா 268-க்கு 269. இந்தியா ஜெயிச்சிருக்கு! ஒரு ஆளு தலையாட்டினதுல அது தோல்வி ஆயிடுச்சு. அம்பயரே நாலுன்னு சொன்னப்பறம் இவருக்கு என்ன வந்துச்சு? அதை நைனா கிட்ட கத்தினேன். அவருக்கு கிரிக்கெட் தெரியாது. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேட்டார்.

‘கோட்டைத் தாண்டி விழுந்துச்சா?’

‘விழுந்துச்சு.’

‘அப்ப ஆறுதான? வாயத் தொறந்து கேட்டுட்டா என்னடா செய்வான்?’

‘தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?’

நைனா ஒண்ணும் சொல்லலை. மாட்டைப் புடிச்சுக் கட்டப் போயிட்டார்.

அந்த உலகக் கோப்பையில இந்தியா செமிஃபைனல் வரைக்கும் போச்சு. பம்பாயில கூச் ஸ்வீப் ஸ்வீப்பா அடிச்சு 115. கபில் 30-ல ஹெம்மிங்ஸ் பந்தைத் தூக்கி எல்லையில கேட்டிங் கையில குடுத்தார். தோத்தோம். கேப்டன் பதவி அதோட போனது, திரும்ப வரவே இல்லை. மூணு வருஷம் கழிச்சு 1990-ல லார்ட்ஸ்ல அதே ஹெம்மிங்ஸ். ஃபாலோ ஆனைத் தவிர்க்க 24 ரன் வேணும், ஒரு விக்கெட்தான் பாக்கி, எதிர்ப்பக்கம் ஹிர்வானி. ஹிர்வானியை நம்பி ஒரு பந்துகூட விட முடியாது. கபில் தொடர்ந்து நாலு சிக்ஸ் அடிச்சார். நாலும் ஒரே தெசையில, நேரா. அடுத்த ஓவர்ல ஹிர்வானி அவுட்! டெல்லியில அவரைத் தள்ளிவெச்ச அதே அடிதான் இது, ரெண்டுக்கும் நடுவுல ஆறு வருஷம்கூட ஆகலை.

கடைசி ரெண்டு வருஷம் பாக்கறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஹாட்லீ ரெக்கார்டுக்காக இழுத்துக்கிட்டு இருக்கார், ஸ்ரீநாத் வெளிய உக்காந்திருக்கார்னு பேசினாங்க. அது பொய்னு சொல்ல முடியாது. ஓடி வர்றப்ப பழைய தாவு இல்லை. 1994 பிப்ரவரியில அகமதாபாத்ல 432-வது விக்கெட் எடுத்தப்ப 432 பலூன் விட்டாங்க. இன்னும் ரெண்டு எடுத்தார், அடுத்த மாசம் ஆடினதுதான் கடைசி டெஸ்ட். 434 விக்கெட், 5248 ரன். டெஸ்ட்ல 400 விக்கெட்டும் 5000 ரன்னும் சேத்து எடுத்தவன் உலகத்துல இன்னொருத்தன் இன்னும் வரலை. 184 இன்னிங்ஸ்ல ஒரு தடவைகூட ரன் அவுட் ஆனதில்லை. இத்தனைக்கும் அவசரக்காரர்னு பேரு வாங்கினவர்.

2000-ல மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்துல அவர் மேலயும் பழி வந்தப்ப டி.வி.யில ஒடைஞ்சு அழுதார். அப்பறம் சி.பி.ஐ. அவருக்கு எதிரா நம்பகமான ஆதாரம் இல்லைன்னு சொன்னாங்க. அந்த அழுகையைப் பாத்தப்ப எனக்கு அந்த ரெண்டு ரன்தான் ஞாபகம் வந்துச்சு. அப்பவும் எனக்குக் கோவம் முழுசா தீரலை, உண்மையைச் சொல்லணும்னா.

சரி, சர்வேயர் விஷயம்.

மேற்குக் கொல்லிக்குப் பக்கத்துக் கொல்லி எங்க பங்காளி பெரியப்பாவோடது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆச்சு. பெரியம்மா இருக்காங்க. மகன் மெட்ராஸ்ல இருக்கான். பொண்ணு படிப்புக்கு அந்த நிலத்தை விக்கணும்னு அளக்க மனு போட்டான். சர்வேயர் எஃப்.எம்.பி. வரைபடத்தோட வந்தார். மூலைக்கல்லு ரெண்டு காணோம். ஏரிப்பக்கத்துக் கல்லு ஒண்ணுதான் கெடச்சுது, அதை மட்டும் வெச்சு அளக்க முடியாதுன்னார். ‘வடக்குக் கல்லு எங்க இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?’ன்னு பொதுவாக் கேட்டார். ஏழெட்டு பேரு நின்னோம். நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்குத் தெரியும். அந்த 87 மேட்ச்சுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு டிராக்டர் ஓட்டறப்ப அந்தக் கல்லு சாஞ்சுது. நைனா அதை நிமித்தி நடலை. பனைமரத்துக்கு மேக்கால குழி தோண்டி அங்கயே படுக்க வெச்சு மூடினார். குழி தோண்டின கடப்பாரை என் கையில இருந்துச்சு. அப்பறம் ஒவ்வொரு வருஷமும் வரப்பு செதுக்கறப்ப எங்க பக்கம் செதுக்க மாட்டோம், அந்தப் பக்கம்தான். நைனா போனப்பறம் அந்த வேலையை நான் செஞ்சேன். யாரும் சொல்லிக் குடுக்கலை, மம்பட்டியே பழகிப்போச்சு. ‘ஆறுன்னா ஆறுதான’ன்னு சொன்ன மனுஷன் ரெண்டே வருஷத்துல கல்லைப் பொதைச்சார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. பெரியப்பாவும் கெணத்து முறைத் தண்ணியில எங்களை ஏமாத்தினவர்தான். அதெல்லாம் ஒரு பெரிய கதை.

மறு வாரம் சர்வேயர் வந்தார். இந்தத் தடவை பெரியம்மாவும் தடியை ஊனிக்கிட்டு வந்து பனைமரத்து நெழல்ல உக்காந்துட்டாங்க. அளக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாத்துக் கேட்டாங்க.

‘ஏம்பா, நீ சின்னப் புள்ளையில இங்கயேதான சுத்திக்கினு இருப்ப. கல்லு எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது?’

ஒரு விஷயம் அப்பதான் எனக்குத் தட்டுப்பட்டுச்சு. கபிலும் மைதானத்துல கையைத் தூக்கிக்கிட்டு ‘அது ஆறு, ஆறு’ன்னு ஓடலை. அம்பயர் நாலுன்னார், ஆட்டம் நடந்துச்சு. இடைவேளையில ஆள் வந்து நேரா கேட்டாங்க. கேக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாரோ. போன வாரம் சர்வேயர் பொதுவாக் கேட்டப்ப என்னால துண்டை ஒதற முடிஞ்சுது. பெரியம்மா என் மொகத்தைப் பாத்துக் கேட்டப்ப முடியலை.

‘நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கு மூணு அடி மேக்கால தோண்டச் சொல்லுங்க’ன்னேன்.

ரெண்டு அடி ஆழத்துல கல்லு கெடச்சுது. பெரியம்மா மகன் என்னையே பாத்தான். பெரியம்மா கல்லைத்தான் பாத்தாங்க, ‘உங்கப்பன் கெட்டிக்காரன்’னு மட்டும் சொன்னாங்க. திட்டினாங்களா மெச்சினாங்களான்னு எனக்கு இன்னும் புரியலை. அளந்து முடிச்சதுல வடக்குப் பக்கம் நாலு அடி எங்ககிட்ட அதிகம். மொத்தம் மூணரை சென்ட். இன்னிக்கு எங்க பக்கத்து விலைக்கு அது சின்னத் தொகை இல்லை. பனைமரமும் அந்தப் பக்கம் போச்சு. வீட்டுல ரெண்டு நாள் என்கிட்ட பேச்சு இல்லை, காப்பி மட்டும் வரும். ஓசூர்ல வேலை பாக்கற பையன் போன்ல கேட்டான்: ‘தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்லப்பா?’ அப்படியே நான் கேட்ட அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவனுக்குக் கோவம்.

பரண்ல இருந்த இரும்புப் பொட்டியைத் தொறந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் கரையான். ஆஸ்திரேலியா பக்கம் மட்டும் நல்லா இருக்கு. ஜோன்ஸ் பேருக்கு நேரா போட்ட நாலு எல்லாம் தெரியுது, அதுல எந்த நாலு ஆறுன்னு தெரியலை. அடியில 268-ன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கேன். பையன் பொங்கலுக்கு வர்றப்ப காட்டணும்.

புதுக் கல்லு நட்டு வெள்ளை அடிச்சாச்சு. நாளான்னிக்கு வரப்பு செதுக்க ரெண்டு ஆள் வர்றாங்க. பழக்கத்துல அந்தப் பக்கமே செதுக்கிடுவாங்க, நான் கூட நிக்கணும். கரண்ட் இந்த வாரம் ராத்திரி முறை, பத்து மணிக்கு மோட்டார் போடப் போகணும். விதைநேர்த்தி அடுத்த பதிவுல.